பசுந்தரையிற் பட்டினி

நியூசிலாந்து என்னும் பெயரைக் கேட்டதும் இலங்கை மக்களின் நினைவுக்கு முதலில் வருவன பால்மாவும் பசும்புல்வெளியுமே. பரந்த புற்றரையும் அதன் நடுவே மேயும் செம்மறிகளும் அந்நாட்டின் அடையாளங்களாகிவிட்டன. அத்தகைய புற்றரையில் விடப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி பட்டினியால் மெலிந்து மடியக்கூடும் என்று சொன்னால், அதனை நம்புவது அரிது. ஆயினும் அந்நாட்டின் வடதீவிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்குமேல் அதுவே நிகழ்ந்துகொண்டிருந்தது. கடலுக்கு அப்பால் அவுஸ்திரேலியாவின் தென்கரையிலும் அதுவே நிகழ்ந்தது. உலகின் மறுகோடியிலே ஸ்கொத்லாந்தின் குன்றுகளிலும் அதுவே நிகழ்ந்தது. புல்லுக்குக் குறைவில்லை, நீருக்கும் குறைவில்லை, ஆயினும் குட்டிகள் மெலிந்தன. இந்தப் புதிர் எவ்வாறு அவிழ்ந்தது என்பதும், அது அவிழ்ந்தபோது செம்மறியின் வயிற்றைப் பற்றி உலகம் எதனை அறிந்துகொண்டது என்பதுமே இப்பேச்சின் பொருளாகும்.

நோயின் தோற்றம் இவ்வாறிருந்தது. இளவேனிற் காலத்திலே பிறந்த குட்டி, தாயின் பாலை நிறையக் குடிக்கும்வரை பெரும்பாலும் நன்றாகவே வளரும். பால் குறைந்து, புல்லையே நம்பி வாழவேண்டிய பருவம் வந்ததும் அதன் வளர்ச்சி தடைப்படும். முதலிற் குறைவது பசியே. பஞ்ச காலத்திலே விலங்கு உணவு கிடையாமையால் மெலியும். இந்நோயிலோ உணவின் நடுவே நின்றும் உண்ண விருப்பமின்றி மெலியும். கண்களிலிருந்து நீர் ஓயாது வடிந்து முகத்து மயிரை நனைக்கும். காதுகளிலே செதில் படியும். உரோமம் பொலிவை இழக்கும். கண்ணிமையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தால், செந்நிறமாக இருக்கவேண்டிய தோல் வெளிறிக் காணப்படும். அது குருதிச்சோகையின் அடையாளம். இறுதியில் எலும்புந் தோலுமாகி, மந்தையின் பின்னே தள்ளாடி நடந்து, ஒரு நாள் எழமுடியாமற் புல்லின்மேற் கிடக்கும். இறந்த ஆடுகளைக் கீறிப் பார்த்தவர்கள் இந்நோய்க்குக் காரணமென்று காட்டக்கூடிய நச்சையோ தொற்றுக் கிருமியையோ கண்டாரல்லர்.

இடையர்கள் இந்நோய்க்கு இடத்துக்கிடம் வெவ்வேறு பெயரிட்டனர். ஸ்கொத்லாந்திலே ஏங்கி மெலிதல் என்று பொருள்படும் சொல்லால் அதனைக் குறித்தனர். தென் அவுஸ்திரேலியாவில் அது கரையோர நோய் எனப்பட்டது. நியூசிலாந்தின் வடதீவிலே காட்டு நோய் எனப்பட்டது. தென்தீவின் கோடியிலே செம்மறிக் குட்டிகளைத் தாக்கிய அதே நோய், மோட்டன் மெயின்ஸ் என்னும் ஊரின் பெயரைப் பெற்றது. ஸ்கொத்லாந்தின் இடையரும் புலவருமான ஜேம்ஸ் ஹொக், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இந்நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பெயர்கள் பலவாயினும், இடையர்கள் கண்ட பரிகாரம் எங்கும் ஒன்றே. அது மேய்ச்சல் நிலத்தை மாற்றுவதாகும். மெலிந்த மந்தையை வேறு மண்ணுள்ள நிலத்துக்கு ஓட்டிச் சென்றால், சில வாரங்களில் ஆடுகள் பசியெடுத்து மேயத் தொடங்கும், உடல் தேறும். மீண்டும் பழைய நிலத்துக்குக் கொண்டுவந்தால், சில மாதங்களில் நோய் திரும்பும். ஆதலின் தென் அவுஸ்திரேலியாவின் கரையோரத்தில் ஆடு வளர்த்தோர், ஆண்டில் ஒரு பகுதியை உள்நாட்டு நிலங்களிற் கழிப்பதை வழக்கமாகக் கொண்டனர். வேற்று நிலம் உடையவர்களுக்கு அது இயலும். ஒரேயொரு துண்டு நிலத்தை மாத்திரம் பெற்றுக் குடியேறிய ஏழைக் குடும்பத்துக்கு அது இயலாது. காட்டை வெட்டி, வேரைக் கெல்லி, புல் விதைத்து, அப்புல் செழித்து வளர்வதையும் தம் கால்நடை அதன்மேல் மடிவதையும் ஒருங்கே கண்ட குடும்பங்கள் பல. மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்கரையிலே, டென்மார்க் என்னும் ஊரைச் சூழ்ந்து, 1920களிற் பிரித்தானியாவிலிருந்து வந்து குடியேறியோருக்கும் இக்கதியே நேர்ந்தது. பலர் நிலத்தைக் கைவிட்டுச் சென்றனர். நியூசிலாந்தின் எரிமலைப் பீடபூமியிலே கால்நடைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட பெருநிலப்பரப்பிலே பைன் மரங்களை நட்டனர். கைங்கரோவா என்னும் பெருங்காடு அவ்வாறு விரிந்ததற்கு இந்நோயும் ஒரு காரணமாகும்.

நிலத்தை மாற்றினால் நோய் தீருகிறதெனின், நோய் நிலத்திலே ஏதோ ஒன்று குறைகிறது என்பது தெளிவு. அந்த ஒன்று யாது என்பதே வினா. நியூசிலாந்தின் விவசாயத் திணைக்களத்து இரசாயன அறிஞர் அஸ்ற்றன், அது இரும்பாக இருக்கலாமென எண்ணினார். அவர் எண்ணியதற்கு நியாயம் இருந்தது. விலங்குகளின் குருதி வெளிறியிருந்தது. குருதிக்கு இரும்பு வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. இரும்புச் சேர்வைகளைக் கொடுத்துப் பார்த்தபோது பல விலங்குகள் தேறவும் செய்தன. குறிப்பாக, இலிமனைற்று என்னும் இரும்புக் கனியத்தைப் பொடியாக்கி நக்கக் கொடுத்தபோது நற்பயன் கிட்டியது. ஆயினும் ஒரு சங்கடம் எஞ்சியது. ஓரிடத்தில் அகழ்ந்த இலிமனைற்று நோயைத் தீர்த்தது; வேறோர் இடத்தில் அகழ்ந்தது தீர்க்கவில்லை. இரும்பு இரண்டிலும் உண்டு. ஒன்று மருந்தாகவும் மற்றையது வெறும் மண்ணாகவும் இருப்பானேன்?

இவ்வினாவை விடாது பற்றியவர்கள் மேற்கு அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த எரிக் அண்டர்வுட், ஜோன் பில்மர் என்னும் இருவராவர். நோயுற்று இறந்த விலங்குகளின் ஈரலை அவர்கள் சோதித்தபோது, அங்கே இரும்பு குறையவில்லை. மாறாக, நலமுள்ள விலங்குகளின் ஈரலிலும் பார்க்க மிகுதியாகவே சேர்ந்திருந்தது. கிடைத்த இரும்பை உடல் பயன்படுத்தவில்லை என்பதே அதன் பொருள். பின்னர் இலிமனைற்றிலிருந்து இரும்பு முழுவதையும் நீக்கி, எஞ்சிய சாற்றை நோயுற்ற விலங்குகளுக்குக் கொடுத்தனர். இரும்பில்லாத அந்தச் சாறே நோயைத் தீர்த்தது. அச்சாற்றைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறாகக் கொடுத்துப் பார்த்து, 1935ஆம் ஆண்டிலே அவர்கள் விடையைக் கண்டனர். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீலநிறம் ஊட்டுவதற்குப் பயன்படும் கோபாற்று என்னும் உலோகமே அது.

அதே 1935ஆம் ஆண்டிலே, அடிலெயிட் நகரில் வேலைசெய்த ஹெட்லி மார்ஸ்ற்றனும் அவருடன் உழைத்த லைன்ஸ் என்பவரும், வேறொரு வழியாற் சென்று அதே முடிவை எய்தினர். கரையோர நோயுற்ற செம்மறிகளுக்கு நாளொன்றுக்கு ஒரேயொரு மில்லிகிராம் கோபாற்றைக் கொடுத்தபோது, சாகும் நிலையில் நின்றவை பசியெடுத்து மேயத் தொடங்கின. ஒரு மில்லிகிராம் என்பது ஒரு கிராமின் ஆயிரத்திலொரு பங்கு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அந்தத் துகளிலே ஒரு குட்டியின் உயிரும், ஒரு குடும்பத்தின் வாழ்வும் தங்கியிருந்தன.

மருந்து கிடைத்தது; ஆயினும் புதிர் முழுவதும் அவிழவில்லை. கோபாற்று உடலிலே செய்வது யாது? அதனை வாய்வழியாகக் கொடுத்தாற் பயன் உண்டு. ஊசிமூலம் குருதியிற் செலுத்தினாற் பயன் காணப்படவில்லை. அதே நிலத்திற் குதிரைகள் எவ்விதக் குறையுமின்றி வாழ்ந்தன. செம்மறியும் மாடுமே மெலிந்தன. இவற்றுக்கு விடை காணவேண்டுமாயின் செம்மறியின் வயிற்றினுள்ளே நோக்குதல் வேண்டும்.

செம்மறியின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதலறை மிகப் பெரியது; அசைபோடுவதற்கு முன் புல் தங்கும் பெருந்தொட்டி அது. இரண்டாம் அறையின் உட்சுவர் தேனடைபோற் கண்கண்ணாக இருக்கும். மூன்றாம் அறை புத்தகத்தின் ஏடுகள்போன்ற மடிப்புகளைக் கொண்டது. நான்காவதே மனிதனின் இரைப்பையைப்போலச் செரிப்பு நீரைச் சுரக்கும் மெய்யான இரைப்பையாகும். பிறந்த குட்டியிலே இந்த நான்காம் அறையே பெரியது. முதலறை சிறியதாய்ச் சுருங்கிக் கிடக்கும். குட்டி பால் உறிஞ்சும்போது, உணவுக்குழாயின் முடிவிலுள்ள ஒரு பள்ளம் மூடிக் குழாய்போலாகி, பாலை முதலறைக்குள் விழவிடாது நேரே நான்காம் அறைக்குக் கொண்டுசேர்க்கும். ஆதலின் பாற்குட்டி, அசைபோடும் விலங்கின் வயிற்றிற் பிறந்ததாயினும், இன்னும் அசைபோடும் விலங்கு அன்று.

இரண்டு மூன்று வாரங்களிலே குட்டி தாயைப் பார்த்துப் புல்லைக் கடிக்கத் தொடங்கும். அப்புல்லோடும், தாயின் வாயெச்சிலோடும், மண்ணோடும் நுண்ணுயிர்கள் முதலறைக்குட் புகுந்து குடியேறும். புல் பெருகப் பெருக அவையும் பெருகும், அறையும் விரியும். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வார வயதிலே முதலறை ஒழுங்காக வேலைசெய்யும் நிலையை அடையும். அப்பொழுது அவ்வறையிலுள்ள நீரின் ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய ஆயிரங்கோடி பற்றீரியங்கள் வாழும். புல்லிலுள்ள செல்லுலோசு என்னும் நாரைச் செரிக்கும் ஆற்றல் செம்மறியின் உடலுக்குக் கிடையாது. இந்நுண்ணுயிர்களே அதனை உடைத்து நொதிக்கச் செய்கின்றன. செம்மறி புல்லை மேய்கிறது என்று சொல்வதிலும் பார்க்க, அது தன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்குப் புல்லூட்டுகிறது என்று சொல்வதே பொருந்தும். அவை உண்டு எஞ்சியதையும், அவை ஆக்கி வெளியிட்டதையும், ஈற்றில் அவற்றையுமே உண்டு செம்மறி வாழ்கிறது.

இந்நுண்ணுயிர்கள் ஆக்கும் பொருள்களுள் ஒன்றிலேதான் கோபாற்றின் மறைபொருள் இருந்தது. 1926ஆம் ஆண்டிலே அமெரிக்க மருத்துவர்களாகிய மைனொற்றும் மேர்பியும், மனிதரைக் கொல்லும் ஒருவகைக் குருதிச்சோகையை ஈரல் உண்பித்துத் தணிக்கலாமெனக் காட்டினர். ஈரலிலுள்ள அந்த மருந்துப் பொருளைப் பிரித்தெடுப்பதற்கு மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1948ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டது. சிவந்த பளிங்குகளாக விளங்கிய அதற்கு விற்றமின் பி12 என்று பெயரிட்டனர். அதனைச் சோதித்தபோது, அதன் எடையில் நூற்றுக்கு நாலு பங்களவு கோபாற்று இருப்பதைக் கண்டனர். செம்மறி மேய்ப்போரின் புதிரும், மருத்துவமனைப் படுக்கையில் வெளிறிக் கிடந்த மனிதரின் புதிரும் ஒரே இடத்திற் சந்தித்தன. அந்த விற்றமினின் அமைப்பை 1956இல் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு விளக்கிய டொரத்தி ஹொட்ஜ்கின் அம்மையார், 1964இல் நோபெல் பரிசு பெற்றார்.

இவ்விற்றமினைப் புல் ஆக்குவதில்லை, ஆடு ஆக்குவதில்லை, மனிதனும் ஆக்குவதில்லை. சில நுண்ணுயிர்களே அதனை ஆக்கவல்லன. செம்மறியின் முதலறையிலுள்ள பற்றீரியங்கள் அதனை ஆக்குகின்றன. ஆக்குவதற்குக் கோபாற்று வேண்டும். ஊசிமூலம் குருதியிற் செலுத்திய கோபாற்று பயன்படாமற் போனதன் காரணம் இப்பொழுது விளங்கும். கோபாற்று வேண்டியது ஆட்டுக்கு அன்று, அதன் வயிற்றிலுள்ள பற்றீரியங்களுக்கே. மெலிந்த குட்டிகளுக்கு விற்றமின் பி12ஐ ஊசிமூலம் செலுத்தினால் அவை தேறும் என்பதை 1951ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர்.

இனி, அவ்விற்றமின் இல்லாவிடத்துக் குட்டி ஏன் பசியை இழக்கவேண்டும்? மனிதன் சோற்றை உண்டால், அதிலுள்ள மாப்பொருள் குளுக்கோசாக மாறிக் குருதியிற் சேரும். செம்மறியில் அவ்வாறு நிகழ்வதில்லை. நுண்ணுயிர்கள் மாப்பொருளையும் நாரையும் நொதிக்கச் செய்து, அசற்றிக்கமிலம், புரொப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் என்னும் மூன்று அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. இவ்வமிலங்கள் முதலறையின் சுவரினூடாகவே குருதியிற் சேர்கின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ் நகரிலே பார்குரொவ்ற்றும் அவரது துணைவர்களும் 1944இல் விளக்கினர். ஆட்டின் ஆற்றலிற் பெரும்பகுதி இவற்றிலிருந்தே வருகிறது. குளுக்கோசோ குடலிலிருந்து மிகச் சிறிதளவே கிடைக்கிறது. மூளைக்கும் குருதிக்கும் பாற்சுரப்புக்கும் வேண்டிய குளுக்கோசை ஈரலே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். அதற்குரிய முதன்மையான மூலப்பொருள் புரொப்பியோனிக்கமிலமாகும்.

அந்த அமிலத்தைக் குளுக்கோசாக மாற்றும் பாதையிலே ஒரு படி உண்டு. அப்படியைக் கடப்பிக்கும் நொதியம், விற்றமின் பி12இன் துணையின்றி இயங்காது. விற்றமின் குறைந்தால் பாதை அடைபடும். வயிற்றிலே புரொப்பியோனிக்கமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும். குருதியிலே அது தேங்கும். ஈரலோ அதனைப் பயன்படுத்தமாட்டாது தவிக்கும். இதுவே நோயின் முதற்பழுது என்பதை மார்ஸ்ற்றனும் அவருடைய துணைவர்களும் 1961ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர். உணவைப் பயன்படுத்த முடியாத உடல், உணவு வேண்டாமென்று தன்னைத் தடுத்துக்கொள்கிறது. பசுந்தரையின் நடுவே நின்ற குட்டி புல்லை வெறுத்ததன் காரணம் அதுவே. தேங்கிய புரொப்பியோனிக்கமிலம் பசியை அடக்கிற்று. குட்டி அதன் பின்னர் உண்டது மேலும் குறைந்தது. உண்டது குறையவே மெலிவு விரைந்தது.

குதிரை தப்பியது ஏன் என்பதும் இதனால் விளங்குகிறது. குதிரை தன் உணவிலுள்ள மாப்பொருளைச் சிறுகுடலிலே செரித்துக் குளுக்கோசாகப் பெறுகிறது. நொதித்தல் அதற்குப் பின்னரே பெருங்குடலில் நிகழ்கிறது. ஆதலின் அது புரொப்பியோனிக்கமிலத்தைச் செம்மறியைப்போல முற்றாக நம்பி வாழ்வதில்லை.

வளர்ந்த ஆட்டிலும் குட்டியே இந்நோய்க்கு முதலில் இரையாவதற்குக் காரணங்கள் உண்டு. வளர்ந்த ஆட்டின் ஈரலில் விற்றமின் பி12 சேமிப்பாக இருக்கும்; குறைந்த நிலத்துக்கு வந்தபின்னும் பல மாதங்கள் அதனைக்கொண்டு காலந்தள்ளலாம். குட்டியின் சேமிப்போ தாயின் வயிற்றிற் பெற்றதும் பாலிற் பெற்றதுமேயாகும். தாயும் அதே நிலத்தில் மேய்ந்திருந்தால், கொடுப்பதற்கு அவளிடமும் மிகுதியில்லை. அத்தோடு வேகமாக வளரும் உடலுக்குத் தேவையும் மிகுதி. பால் மறந்து புல்லுக்கு மாறும் அந்தக் குறுகிய காலத்திலே, சேமிப்புத் தீர்ந்து தேவை உச்சத்தில் நிற்கிறது. நிலத்தின் குறை அப்பொழுதே வெளிப்படுகிறது.

எவ்வளவு கோபாற்று வேண்டும்? உலர்த்திய புல் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் இருந்தாற் போதும். இது கோடியில் ஒரு பங்கு. அதற்குக் கீழே குறைந்தாற் குட்டிகள் துன்புறத் தொடங்கும். புல்லுக்கு இத்துணைக் கோபாற்றும் வேண்டுவதில்லை. ஆதலின் புல் செழிப்பாகவே வளரும். கண்ணை ஏமாற்றுவது இதுவே. இன்னும் வியப்பானது, செழிப்பு மிகுந்த ஆண்டிலேயே நோயும் மிகுகிறது என்பதாகும். மழை நன்கு பெய்து புல் விரைந்து வளரும்போது, அதன் கோபாற்று அளவு மேலும் குறைகிறது. புல் உயரமாக வளர்ந்தால் ஆடு மண்ணோடு சேர்த்துக் கடிப்பதில்லை. குட்டையான புல்லை மேயும் ஆடு தன்னையறியாமலே சிறிது மண்ணை விழுங்குகிறது. அந்த மண்ணிலிருந்தும் கோபாற்றுக் கிடைக்கிறது. நிலத்துக்குச் சுண்ணாம்பு இட்டாற் பயிர் செழிக்கலாம். ஆயினும் மண்ணிலுள்ள கோபாற்றைப் பயிர் உறிஞ்சுவது அதனாற் குறைகிறது. நிலத்தைத் திருத்த முயன்றவனே அறியாமற் குட்டிக்குக் கேடு விளைக்கக்கூடும்.

காரணம் தெரிந்தபின் பரிகாரங்கள் பல வந்தன. நியூசிலாந்திலே உரத்துடன் கோபாற்றுச் சல்பேற்றைக் கலந்து நிலத்தில் இட்டனர். ஆண்டுக்கு ஓர் ஏக்கருக்கு ஐந்து அவுன்சு அளவே போதுமாயிற்று. கோபாற்றைத் திண்ணிதாகப் பிடித்துவைத்துக்கொள்ளும் மண்ணிலே இம்முறை நன்கு பலிப்பதில்லை; அத்தகைய இடங்களில் ஆட்டுக்கே நேராகக் கொடுத்தல் வேண்டும். நீரிற் கரைத்து வாயிற் புகட்டலாம். ஆயினும் கோபாற்று வயிற்றில் நெடுநாள் தங்காது, ஆதலின் அடிக்கடி புகட்டவேண்டும். பெருமந்தை உடையோருக்கு அது இயலாத வேலை. இதற்கு 1958ஆம் ஆண்டிலே மார்ஸ்ற்றனின் குழுவினர் ஓர் எளிய வழி கண்டனர். கோபாற்று ஒட்சைட்டைப் பாரமான சிறு குண்டாகச் செய்து ஆட்டை விழுங்கச் செய்தனர். பாரம் மிகுதியாதலால் அது கீழே செல்லாது இரண்டாம் அறையிலேயே தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். சில ஆடுகளிலே குண்டின்மேற் சுண்ணப் படலம் படிந்து கரையாமற் போயிற்று. அதற்காகக் குண்டோடு ஒரு சிறு உருக்குத் திருகாணியையும் விழுங்கச் செய்தனர். இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்து படலம் நீங்கியது. இரண்டு மாதம் நிரம்பாத குட்டிக்கு இம்முறை உதவாது. அதன் அறைகள் இன்னும் வளர்ந்திராமையே காரணம். அத்தகைய குட்டிக்கு விற்றமின் பி12 ஊசியே ஏற்றது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். முதலாவது, மெலிந்து வெளிறிய குட்டியெல்லாம் கோபாற்றுக் குறைவால் மெலிந்தது அன்று. நான்காம் அறையின் சுவரிற் பற்றிக் குருதியைக் குடிக்கும் புழுக்களும் அதே வெளிறலை உண்டாக்கும்; பல மந்தைகளிற் புழுவே முதற்காரணமாக இருக்கும். புழுவிருக்கக் கோபாற்றைக் கொடுப்பதும், கோபாற்றுக் குறையப் புழுமருந்து கொடுப்பதும் வீண்செலவாகும். விலங்கு மருத்துவர் குருதியையும் சாணத்தையும் சோதித்து வேறுபாட்டைச் சொல்லுவர். அதனினும் எளிய ஒரு சோதனையை மந்தையுடையவனே செய்யலாம். ஒரே வயதுக் குட்டிகளை இரு பாதியாகப் பிரித்து, அடையாளமிட்டு, ஒரு பாதிக்கு மாத்திரம் மருந்து கொடுத்து, யாவற்றையும் ஒரே தரையில் மேயவிட்டு, சில வாரங்களுக்குப்பின் நிறுத்துப் பார்த்தாற் போதும். தராசு பொய் சொல்லாது.

இரண்டாவது எச்சரிக்கை, ஒன்று நல்லதென்றால் இரண்டு மடங்கு நல்லதென்று எண்ணலாகாது என்பதாகும். தென் அவுஸ்திரேலியாவின் கரையோர நோயிலே கோபாற்றோடு செம்பும் குறைந்திருந்தது பின்னர் தெரியவந்தது. கோபாற்றை மாத்திரம் கொடுத்தபோது ஆடுகள் முற்றாகத் தேறாமைக்கு அதுவே காரணம். செம்பு குறைந்த ஆட்டின் உரோமம் தன் இயல்பான சுருளை இழந்து கம்பிபோல் நீளும். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜின்ஜின் பகுதியிலே, பிறந்த குட்டிகள் பின்னங்கால்கள் தள்ளாடி வீழ்ந்ததற்கும் தாயாடுகளின் செம்புக் குறைவே காரணம் என்பதைப் பெனெற்ஸ் என்னும் விலங்கு நோயியலறிஞர் 1937இற் காட்டினார். எனினும் வீட்டு விலங்குகளுள் செம்பின் நஞ்சுக்கு மிக எளிதில் ஆளாவதும் செம்மறியே. செம்பு அதன் ஈரலிலே ஓசையின்றிச் சேர்ந்து, ஒருநாள் திடீரென வெளிப்பட்டு உயிரைக் கொல்லும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள எல்லை இங்கே மிகவும் ஒடுங்கியது. ஆதலின் அளவை அறியாது கொடுத்தல் தகாது.

கோபாற்று இட்டபின் நியூசிலாந்தின் பீடபூமியிலே கைவிடப்பட்ட நிலங்கள் மீண்டும் பண்ணைகளாயின. முன்னர்க் குட்டிகள் ஏங்கி மெலிந்த தரைகளிலே இன்று மந்தைகள் கொழுக்கின்றன. அங்கு வாழ்வோருள் அந்நோயின் பெயரையே அறியாதோர் பலர். ஆயினும் நிலம் மாறிவிடவில்லை. கோபாற்று இடுவதை நிறுத்தி ஆண்டுகள் பல கடந்தால், பழைய குறை மீண்டும் தலைகாட்டும். அது தீர்ந்த நோய் அன்று, காக்கப்பட்டுவரும் நோய்.

இவ்வரலாற்றிலே இடையனின் கண்ணும் அறிஞனின் தராசும் ஒன்றுக்கொன்று துணைநின்றன. இன்ன நிலத்திற் குட்டி மெலியும், இன்ன நிலத்தில் தேறும் என்பதை இடையர் நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர். காரணம் மாத்திரம் அவர்களுக்கு எட்டவில்லை. இரும்பென்று தவறாக எண்ணியவரின் உழைப்பும் வீணாகவில்லை. அவர் கைக்கொண்ட கனியத்தினுள்ளேதான் கோபாற்று ஒளிந்திருந்தது. சரியான மருந்தைத் தவறான காரணத்துக்காகக் கொடுத்தனர்; அது சிலவிடங்களிற் பொய்த்தபோது, பொய்த்ததேன் என்று கேட்டவர்களே உண்மையைக் கண்டனர்.

மந்தை வைத்திருப்போர் இதிலிருந்து கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. மேய்ச்சல் நிலத்தின் நலத்தைப் புல்லின் பசுமையைக்கொண்டு அளவிடலாகாது. பால் மறந்த குட்டி அதன்மேல் எவ்வாறு வளர்கிறது என்பதைக்கொண்டே அளவிடல் வேண்டும். புல் நிறைந்த தரையிலே ஒரு குட்டி தலைகுனிந்து மேயாமல் நின்றால், அதனைச் சோம்பலென்றோ பிறவிக் குறையென்றோ தள்ளிவிடாது, அதன் கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பதும், அதன் கண்ணீரைக் கவனிப்பதும், அதனை நிறுத்துப் பார்ப்பதும் உடையவனின் கடமையாகும். வாயில்லாச் சீவன் தன் குறையைச் சொல்லமாட்டாது. மேயாது நிற்பதன் மூலமே அதனைத் தெரிவிக்கிறது.